நம்மைப் புகழாத பிறப்புக் கதை

இராஜாக்கமங்கலம் கடற்கரை இரண்டு பழங்கதைகளுக்கு நடுவே கிடக்கிறது. மேற்கிலிருந்து வருவது பரசுராமர் கதை. கோகர்ணத்தில் நின்று அவர் மழுவை எறிந்தார், கன்னியாகுமரி வரை கடல் பின்வாங்கிப் புது நிலம் தந்தது என்கிறது அது. கிழக்கிலிருந்து வருவது குமரிக்கோட்டுக் கதை. பஃறுளி ஆற்றையும் குமரி மலையையும் கடல் விழுங்கிவிட்டது என்கிறது இது. ஒன்றில் கடல் கொடுக்கிறது, மற்றொன்றில் பறிக்கிறது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்து, பிறகு தமிழ்நாட்டோடு சேர்ந்த மாவட்டம் என்பதால் இங்குள்ளவர்களுக்கு இரண்டுமே சொந்தக் கதைகள்தான். இவை போதாதென்று, கரையோரத் தேவாலயங்களில் மண்ணைப் பிசைந்து உருவாக்கிய முதல் மனிதனின் கதை வாசிக்கப்படுகிறது. சாமித்தோப்பில் எட்டு யுகங்களின் கணக்கு சொல்லப்படுகிறது. பள்ளிக்கூடத்தில் மட்டும் வேறொரு கதை. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்ற தலைப்பில், நெடுவினாவும் குறுவினாவுமாகச் சுருங்கிக் கிடக்கிறது. பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள், எழுதுகிறார்கள், மறந்துவிடுகிறார்கள். வியப்பு மட்டும் பழைய கதைகளின் பக்கமே நின்றுபோகிறது.

இப்படி நேர்வதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய பிறப்புக் கதைகள் எல்லாம் கேட்பவரைப் புகழ்கின்றன. மழு எறிந்து மீட்ட நிலம் அந்தணர்களுக்குத் தானமாகப் போனதாகப் பரசுராமர் கதை சொல்லும். அதைக் கேட்டு யார் மனம் நிறைந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குமரிக்கோட்டை ஒரு கண்டமாக வளர்த்த குமரிக்கண்டக் கதையில் முதல் மனிதன் தமிழன். ஆதியாகமத்தில் மனிதன் கடவுளின் சாயல், மற்ற உயிர்கள் அவனுடைய ஆளுகைக்கு உட்பட்டவை. ஒவ்வொரு கதையிலும் சொல்பவருக்கு ஒரு சிம்மாசனம் போட்டிருக்கிறது. அறிவியல் சொல்லும் கதையில் அப்படி ஓர் இருக்கை இல்லை. வறட்டுக் கதை என்ற பெயர் அதற்கு வந்ததே அதனால்தான். நான் சொல்ல வருவது இதற்கு நேர்மாறானது: நம்மைப் புகழ மறுப்பதுதான் அந்தக் கதையின் அழகு. தனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொண்ட கதையில் கேட்பவர் தன்னையே பார்த்து மகிழலாம். யாருக்கும் சாதகமாக இல்லாமல் கல்லிலிருந்தும் எலும்பிலிருந்தும் வெளிவந்த கதையில்தான், நாம் எதிர்பாராத ஒன்று நம் முன்னே வந்து நிற்கும்.

முதலில் காலடி மணலைப் பார்க்கலாம். இராஜாக்கமங்கலத்துக்குச் சற்று மேற்கே மணவாளக்குறிச்சி. அங்கே 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கரையோர மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்தார். அதில் இருந்த தோரியம் அன்றைக்கு வாயு விளக்குகளின் வலைக்குத் தேவைப்பட்டது. திருவிழாக்களில் வெள்ளை வெளிச்சம் கொட்டிய பெட்ரோமாக்ஸ் மேண்டிலும் அந்த வகைதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகள் கரைந்து ஆறுகள் வழியே கடலுக்கு வந்து, அலை இலேசான வெள்ளை மணலை அள்ளிப்போக, கனமான இல்மனைட்டும் கார்னெட்டும் சிர்கானும் மோனசைட்டும் கரையில் தங்குகின்றன. ஊரார் கருமணல் என்று சொல்வது இந்தக் கலவையைத்தான். அதை அள்ளுவது சரியா, அதனால் கரையோர மக்களுக்கு என்ன ஆகும் என்பது தனி வழக்கு. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். இங்கே அந்த மணலை அள்ளாமல் பார்த்தாலே போதும்.

மோனசைட் படிகம் உருவாகும்போதே தோரியமும் கொஞ்சம் யுரேனியமும் அதற்குள் அடைபடுகின்றன. அந்தக் கணத்திலிருந்து அவை சீராகச் சிதைந்து ஈயமாக மாறுகின்றன. எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் படிகம் பிறந்து எத்தனை காலம் ஆயிற்று என்று கணக்கிடலாம். தெற்குக் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் உள்ள பாறைகள் இந்தக் கணக்கில் ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியவை. இதே காலத்தில் உருமாறிய பாறைகள் இலங்கையிலும் மடகாஸ்கரிலும் கிழக்கு அண்டார்டிகாவிலும் இருக்கின்றன. அப்போது இவையெல்லாம் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலத்தின் பகுதிகள். தோரியத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு பிடித் தோரியம் பாதியாகக் குறைய 1,405 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான். பூமி பிறப்பதற்கு முன்பே ஏதோ நட்சத்திரங்களின் பேரழிவில் உண்டான ஒரு பொருள் செருப்பில் ஒட்டிக்கொண்டு நம் வீட்டுத் திண்ணை வரை வந்துவிடுகிறது. யுகம் யுகமாகக் கணக்குச் சொன்ன நம் முன்னோர் இதைக் கேட்டிருந்தால் மிரண்டிருக்க மாட்டார்கள், ரசித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

கடல் கொடுத்ததா, பறித்ததா? இரண்டையும் செய்திருக்கிறது, பல முறை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், உலகின் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. குமரிக்குத் தெற்கே கரை வெகுதூரம் தள்ளி இருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். பிறகு பனி உருகக் கடல் ஏறியது. மொத்த ஏற்றத்தையும் காலத்தையும் வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வரும். ஆனால், தட்டையான கரையில் அந்த அளவே ஒரு தலைமுறைக்குள் குடிசையை நகர்த்த வைத்துவிடும். ‘கடல் கொண்டது’ என்ற நினைவுக்குப் பின்னால் இப்படி ஏதோ அனுபவம் இருந்திருக்கலாம் என்று எண்ண இடமுண்டு. ஆஸ்திரேலியாவையும் ஆப்பிரிக்காவையும் தொடும் ஒரு கண்டம் மூழ்கியது என்பதற்கு இடமில்லை. அந்தக் கண்டம் வந்த வழியே வேறு. 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், மடகாஸ்கரின் லெமூர் விலங்குகளுக்கு இந்தியாவோடு உள்ள உறவை விளக்க ஒரு மூழ்கிய நிலத்தைக் கற்பனை செய்து அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். எர்னஸ்ட் ஹெக்கல் அதையே மனிதனின் தொட்டில் ஆக்கினார். இருபதாம் நூற்றாண்டில் அது தமிழுக்கு வந்து குமரிக்கண்டத்தோடு கலந்தது. நம்மவர்கள் பழம்பெருமை என்று போற்றிய வரைபடம், ஐரோப்பிய அறிவியல் சோதித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்ட ஒரு கருதுகோள். கண்டங்கள் நகர்கின்றன என்று தெரிந்த பிறகு மூழ்கிய பாலம் தேவையற்றுப் போனது. இந்தியாவும் மடகாஸ்கரும் உண்மையாகவே ஒட்டியிருந்தன. பிரிந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன். அதைப் பார்க்க மனிதன் இல்லை, டைனோசர்கள் இருந்தன.

மனிதனுக்கு வருவோம். 1863 மே 30 அன்று சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். சில மாதங்களில் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கிடைத்தன. பிற்காலத்தில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே பல ஆண்டுகள் அகழாய்வு செய்து 2011இல் வெளியிட்ட முடிவு உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது: அங்குள்ள மிகப் பழைய கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழையவை. உடனே ‘உலகின் மூத்த குடி’ என்று மேடையில் முழங்கத் தோன்றும். கதை அதற்கு இடம் தரவில்லை. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸுக்கு இதுவரை கிடைத்துள்ள மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத்தில் கிடைத்தவை. வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள். ஆக அத்திரம்பாக்கத்தில் கல் செதுக்கியவர்கள் தமிழர்கள் இல்லை, இந்தியர்கள் இல்லை, நம் வகை மனிதர்களே இல்லை. அவர்களின் ஓர் எலும்புகூட அங்கே கிடைக்கவில்லை. ஆயினும் கல்லின் இரு முகத்தையும் ஒத்துப்போகும்படி செதுக்க ஒரு வடிவத்தை முன்கூட்டியே மனத்தில் வைத்திருக்க வேண்டும். நம்மைப் போலவே யோசித்த, ஆனால் நாமல்லாத ஒருவர் கொற்றலையாற்றுப் படுகையில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறார். ‘மூத்த குடி’ என்ற முழக்கத்தைவிட இது எனக்குப் பல மடங்கு பெரிய செய்தியாகப் படுகிறது.

இந்தியாவே மனிதனின் பிறப்பிடம் என்று அறிவியலும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறது. 1932இல் ஜி. எட்வர்ட் லூயிஸ் என்ற யேல் பல்கலைக்கழக மாணவர் சிவாலிக் மலைகளில் ஒரு தாடைத் துண்டைக் கண்டெடுத்து ராமபிதேகஸ் என்று பெயரிட்டார். பக்கத்திலேயே சிவபிதேகஸ், பிரமபிதேகஸ், சுக்ரீவபிதேகஸ் என்று ஒரு புராணப் பட்டாளமே புதைபடிவப் பட்டியலில் இடம்பிடித்தது. 1960களில் எல்வின் சைமன்ஸும் டேவிட் பில்பீமும் ராமபிதேகஸை மனித மூதாதை என்று நிலைநாட்டினார்கள்; ஒரு தலைமுறை மாணவர்கள் அப்படியே படித்தார்கள். 1967இல் வின்சென்ட் சாரிச், ஆலன் வில்சன் இருவரும் இரத்தப் புரதங்களை ஒப்பிட்டு, மனிதனும் ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்குகளும் பிரிந்தது சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான் என்றார்கள். அப்படியானால் ஒரு கோடி ஆண்டுக்கும் மேல் பழைய ராமபிதேகஸ் நம் மூதாதையாக இருக்க முடியாது. பலர் சிரித்தார்கள். பிறகு பாகிஸ்தானின் போத்வார் பகுதியில் சிவபிதேகஸின் முகப்பகுதி கிடைத்தது. அது மனிதனைப் போல் இல்லை; ஒராங் உட்டானைப் போல் இருந்தது. ராமபிதேகஸ் அந்த இனத்துக்குள்ளேயே அடங்கிப்போனது. இதை எழுதி வெளியிட்டவர் யார் என்றால், முன்பு அதை மூதாதை ஆக்கிய அதே பில்பீம். ராமரின் பெயரைத் தாங்கிய சிம்மாசனத்தை இந்தியா இப்படி இழந்தது. எந்த ஊரிலும் கலவரம் நடக்கவில்லை. ‘அறிவியல் இன்றைக்கு ஒன்று சொல்கிறது, நாளைக்கு வேறொன்று சொல்கிறது, அதை எப்படி நம்புவது’ என்று கேட்பவர்கள் இந்தக் கதையை ஊன்றிப் படிக்க வேண்டும். மாறியது யாருடைய விருப்பத்தாலும் மாறவில்லை. விருப்பத்துக்கு எதிராக, சொன்னவரின் கையாலேயே மாறியது. தன் தவறைத் தானே எழுதித் திருத்தும் புராணம் இருந்தால் அதற்கும் இதே மதிப்பைத் தரலாம்.

புகழ்ச்சியின் ஆசை நம்மை விட்டு எளிதில் போவதில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் இராமசாமி பிச்சப்பன், ஸ்பென்சர் வெல்ஸ் என்ற அமெரிக்க மரபியலாளரோடு சேர்ந்து நடத்திய ஆய்வில், உசிலம்பட்டிப் பக்கம் ஜோதிமாணிக்கம் என்ற கிராமத்தில் எம்130 என்ற மரபணுக் குறி கிடைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரையோரமாகக் கிழக்கே சென்ற ஆதி மனிதர்களோடு தொடர்புபடுத்தப்படும் அந்தக் குறி ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் உண்டு. செய்தி அருமையானது. பத்திரிகைகள் அதை ‘முதல் இந்தியர்’ என்று தலைப்பிட்டுக் கொண்டாடின. ஆனால், அந்தக் குறி அமைந்திருக்கும் தந்தைவழி ஒய் குரோமோசோம் என்பது ஒருவரின் ஆயிரக்கணக்கான முன்னோரில் ஒரே ஓர் இழையை மட்டும் காட்டுவது. அந்தக் கிராமத்துக்குப் போகும் பேருந்தில் இருக்கும் அனைவரும், நடத்துநர் உட்பட, அதே அளவு பழையவர்கள். அவர்களின் இழைகள் வேறு வழியாக வந்திருக்கின்றன, அவ்வளவுதான். கடலுக்கு அப்பால் இலங்கையின் ஃபாஹியன் குகையில் சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் எலும்பு முனை வைத்த அம்புகளால் குரங்கையும் அணிலையும் வேட்டையாடி வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களோ அவர்களின் முன்னோரோ தென் தமிழகத்தைக் கடக்காமல் அங்கே போயிருக்க முடியாது. இன்று அலைக்கடியில் கிடக்கும் ஏதோ ஒரு பழைய கரையில் அவர்கள் நண்டு பிடித்திருக்கலாம் என்று ஊகிக்கலாம். அதற்குமேல் உரிமை கொண்டாட முடியாது.

மலையும் மணலும் தொலைவாகத் தெரிந்தால் மீன்சந்தைக்கு வரலாம். சாளை மீனின் தலைக்குள், தாடையைத் தாங்கிப் பிடிக்கும் ஓர் எலும்பு இருக்கிறது. நம் நடுச்செவியில் ஒலியை உள்ளே கடத்தும் அங்கவடி எலும்பும் அதுவும் ஒரே மூலத்தின் வழிவந்தவை. மற்ற இரண்டு செவி எலும்புகளான சுத்தியும் பட்டடையும், ஊர்வனவற்றின் தாடை மூட்டில் இருக்கும் எலும்புகளுக்கு நிகரானவை. கருவில் இவை எங்கே முளைத்து எங்கே போய்ச் சேர்கின்றன என்று பார்த்து, தாடைக்கும் செவிக்கும் உள்ள இந்த உறவை 1837இலேயே கார்ல் ரைஷெர்ட் என்ற ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் எழுதினார். டார்வினின் புத்தகம் வர இன்னும் 22 ஆண்டுகள் இருந்தன. அலையோசையை நாம் கேட்பது ஒரு காலத்தில் இரையைக் கவ்வ உதவிய எலும்புகளைக் கொண்டுதான். வலைக்கு அப்பால் துள்ளும் ஓங்கலின், அதாவது டால்பினின், துடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே மேற்கை எலும்பு ஒன்று, முன்கை எலும்புகள் இரண்டு, பிறகு மணிக்கட்டு, விரல்கள். நம் கையின் அதே வரிசை. ஓங்கலும் திமிங்கிலமும் நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பிய விலங்குகளின் வாரிசுகள். அந்தத் திருப்பத்துக்கு மிக நெருங்கிய உறவான இந்தோஹையஸ் என்ற சிறு மான் போன்ற விலங்கின் எலும்புகள் ஜம்மு-காஷ்மீரின் காலாகோட்டில் ரங்கா ராவ் என்ற இந்தியப் புவியியலாளர் சேகரித்த கற்களில் இருந்தன. அவர் இறந்த பின் அந்தக் கற்களை உடைத்துப் பார்த்தபோதுதான் திமிங்கிலத்துக்கே உரிய காதெலும்பு வெளிப்பட்டது. 2007இல் உலகுக்குத் தெரிந்தது. கடல் விலங்கின் பூர்வீகம் மலையில் கிடைப்பதை எந்தப் புலவரும் கற்பனை செய்யத் துணிந்திருக்க மாட்டார்.

இதெல்லாம் ஒரே படைப்பாளி ஒரே அச்சில் வார்த்ததாகவும் இருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை, நன்றாக அமைந்த உறுப்புகளில் கிடைக்காது, பழுதுகளில் கிடைக்கும். பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சி-யைத் தம் உடலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. ஆடும் நாயும் நெல்லிக்காய் தேடுவதில்லை. மனிதனால் முடியாது, நீண்ட கடற்பயணங்களில் மாலுமிகள் ஈறு வீங்கி இறந்தது அதனால்தான். தயாரிப்பின் கடைசிப் படிக்கான மரபணு நம்மிடம் இல்லாமல் இல்லை, சிதைந்து கிடக்கிறது. சிம்பன்சியிடமும் அதே மரபணு, சிதைந்தே கிடக்கிறது, பல இடங்களில் அதே சிதைவுகளோடு. உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஏடுகளை ஒப்பிட்ட முறை தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். வெவ்வேறு ஊரில் கிடைத்த இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழை இருந்தால், இரண்டும் ஒரு மூல ஏட்டிலிருந்து படி எடுத்தவை என்று முடிவு கட்டுவார்கள். சரியான பாடம் ஒத்துப்போவது எதையும் நிரூபிக்காது. பிழை ஒத்துப்போவதுதான் சாட்சி. ஒரு பிழையை வேண்டுமென்றே இரண்டு படைப்புகளில் ஒரே மாதிரி பொறித்து வைத்த கடவுளை நம்புவதைவிட, இரண்டுக்கும் ஒரு பாட்டி இருந்தாள் என்று ஏற்பது கடவுளுக்கே மரியாதை.

2018 ஜனவரியில் மத்தியில் கல்வித் துறை இணையமைச்சராக இருந்தவர், குரங்கு மனிதனாக மாறியதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை, டார்வின் சொன்னது தவறு என்றார். கண்ணால் பார்த்தால்தான் உண்மை என்றால் காவல்துறையை மூடிவிடலாம்; மணவாளக்குறிச்சி மணலின் வயதையும் யாரும் பார்க்கவில்லை. இதற்கு அடுத்ததாக வரும் வாதம், ‘தசாவதாரத்திலேயே பரிணாமம் இருக்கிறது, மீன், ஆமை, பன்றி, சிங்கமனிதன், குள்ளமனிதன்’ என்பது. வரிசை கவர்ச்சியானதுதான். ஆனால், அவதாரங்களில் ஒரே தெய்வம் வேறு வேறு உருவெடுத்து இறங்குகிறது. மச்சத்தின் பேரப்பிள்ளை கூர்மம் என்று யாரும் சொல்லவில்லை. பரிணாமமோ பிள்ளை பெற்று, செத்து, மிஞ்சியவர் வழியே கிளை பிரியும் மரம். அதில் மீன் கீழ்ப்படியும் இல்லை, மனிதன் உச்சிப்படியும் இல்லை. தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடலில் தூண்டில் போட்டுப் பிடிக்கும் சுறாவும் நம்மைப் போலவே, அதே நீண்ட காலம் மாறிமாறி இன்றைக்கு வந்து சேர்ந்த உயிர். தசாவதாரம் அழகான கதை. சுசீந்திரத்துத் தூணில் அதை ரசிப்பதற்கு டார்வினின் நற்சான்று தேவையில்லை. டார்வினுக்கும் அதன் நற்சான்று தேவையில்லை.

கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. மனிதனை விலங்கின் வரிசையில் சேர்த்தால் அறம் எங்கே நிற்கும் என்று கேட்கிறார்கள். இந்த மாவட்டத்தில் இதற்குப் பதில் சொல்வது ஒருவகையில் கடினம், ஒருவகையில் எளிது. 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மன்னர், நாடார் பெண்கள் மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்று பிரகடனம் செய்தார். சுமார் நாற்பது ஆண்டுகள் நடந்த தோள்சீலைப் போராட்டத்தின் முடிவு அது. அதே ஆண்டு நவம்பர் 24 அன்று இலண்டனில் டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்தது. அந்தப் பெண்களுக்குத் துணை நின்றது டார்வின் இல்லை. எல்லாரும் ஒரே பெற்றோரின் பிள்ளைகள் என்று ஆதியாகமத்தைக் காட்டிய மிஷனரிகளும், ஒடுக்கப்பட்டவர்களின் தலையில் தலைப்பாகை கட்ட வைத்த அய்யா வைகுண்டரும்தான் நின்றார்கள். சமயக் கதை மனிதரை நிமிர்த்திய வரலாறு இது, மறைப்பது அநியாயம். முகத்திலிருந்து ஒருவர், காலிலிருந்து ஒருவர் என்று பிறப்பைப் பிரித்த இன்னொரு சமயக் கதைதான் அவர்களைக் குனிய வைத்திருந்தது என்பதும் அதே வரலாறு. அறிவியலின் கையும் சுத்தமில்லை. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் அளவுகோலை எடுத்துச் சாதிவாரியாக மூக்கை அளந்ததும் அன்றைய அறிவியலின் பெயரால்தான்.

வேறுபாடு அதன் பின் நடந்ததில் இருக்கிறது. மூக்கை அளந்த அறிவியலை மரபணுவை அளந்த அறிவியல் தூக்கி எறிந்தது. ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் லால்ஜி சிங், தங்கராஜ் ஆகியோர் ஹார்வர்டின் டேவிட் ரைக்கோடு சேர்ந்து செய்த ஆய்வுகள், இன்றைய இந்தியர்களில் ஏறக்குறைய எல்லாக் குழுக்களும் கலப்பில் பிறந்தவை என்று காட்டின. 2013இல் வந்த கணக்கின்படி அந்தக் கலப்பு சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை நடந்தது. தனித்து வாழும் பழங்குடிகளும் அதற்கு விலக்கில்லை. அகமணம் பிறகு வந்த வழக்கம். அதற்கும் பின்னால் போனால் நியாண்டர்தால் மனிதரின் மரபணுவும் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு நம்மிடம் இருக்கிறது. அதைக் கண்டறிந்த ஸ்வாந்தே பாபோவுக்கு 2022இல் நோபல் பரிசு கிடைத்தது. ‘எல்லாரும் ஒரு தாய் மக்கள்’ என்று மிஷனரி விசுவாசத்தால் சொன்னதை ஆய்வுக்கூடம் சான்றோடு சொல்கிறது, ஒரே ஒரு திருத்தத்தோடு: அந்தத் தாய் வீட்டில் சாளையும் ஓங்கலும்கூடப் பிள்ளைகள். இதிலிருந்து அறம் தானாக விளைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. எப்படி நடந்துகொள்வது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். பிறப்பைக் காட்டி ஒருவரைத் தாழ்த்த முயல்பவருக்கு இந்தக் கதையில் பிடிமானம் ஒன்றும் இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

ஆறுதலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாவு வீட்டில் கண்டங்கள் நகர்ந்த கதை யாரையும் தேற்றாது. வழிபாடும் பாட்டும் தேற்றும். அந்த இடத்தை அறிவியல் கேட்கவும் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையே 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் காலத்தில் பரிணாமத்தை ஆராயலாம் என்றது. 1996இல் இரண்டாம் ஜான் பால் அது வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார். கடவுளை நம்பிக்கொண்டே இதைப் படிக்கலாம், நம்பாமலும் படிக்கலாம். பக்தியின் உச்சத்தில் உண்டாகும் மெய்சிலிர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மயிர்க்காலின் அடியிலும் இருக்கும் சிறு தசை இழுக்கும்போது உடல் சிலிர்க்கிறது. குளிரில் ரோமத்தை உப்பி வெப்பம் காக்கவும், எதிரி முன் உடலைப் பெரிதாக்கிக் காட்டவும் பாலூட்டிகளுக்கு உதவிய ஏற்பாடு அது. ரோமம் குறைந்து போயிற்று, தசை மிஞ்சியிருக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் தேர் அசையும்போதும், திருப்பலியில் மணி ஒலிக்கும்போதும் வேலை செய்வது அதே தசைதான். இதைத் தெரிந்துகொண்டவருக்குச் சிலிர்ப்பு குறைந்துவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

2023இல் என்.சி.இ.ஆர்.டி. தன் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை நீக்கியது. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் பாடம் அப்படியே இருக்கிறது, நல்லது. புத்தகத்தில் இருப்பது மட்டும் போதாது. குமரி மாவட்டத்துக் கரையோரப் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்கள் இந்த ஒரு பாடத்தை வகுப்பறைக்கு வெளியே நடத்த வேண்டும். வலுவான காந்தம் ஒன்று கையில் இருந்தால் கருமணலைப் பிரித்துக் காட்டலாம்; ஒரு சாளைத் தலையும் ஒரு கோழிச் சிறகும் இருந்தால் எலும்பு வரிசையைத் தொட்டுக் காட்டலாம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல்சார் அறிவியல் மையம் இராஜாக்கமங்கலத்திலேயே இருக்கிறது; பள்ளி மாணவர்களுக்கு அது ஆண்டுக்கு ஒரு வாரமாவது கதவைத் திறந்துவைக்கலாம். மாவட்ட நிர்வாகமும் சுற்றுலாத் துறையும் கோயில்களின் தல வரலாற்றைப் பலகையில் எழுதி வைப்பதுபோல, கடற்கரைக்கு வரும் மக்கள் படிக்கும்படி இந்த மணலின் வயதையும் அது வந்த வழியையும் தமிழில் எழுதி வைக்க வேண்டும். ஒரு தல வரலாற்றுப் பலகைக்கு ஆகும் செலவைவிட இதற்கு அதிகம் ஆகாது.